வரப்பில் நின்று பார்த்த கொடிக்கால்

நான் இப்போது சொல்லப்போவதை நானே பல வருஷமாக முழுசாக நம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அம்மா. நாளைக்கு உங்கள் பல்கலைக்கழகத்தில் யாராவது, அந்த ஆள் கதை விட்டிருக்கிறான் என்று சொல்லக்கூடாது. நான் கண்ணால் பார்த்ததில்லை. மாசானமுத்து சொன்னான், நான் கேட்டேன். அவன் அப்போது எங்கள் ஊர்த் தலையாரி. அதிகாரிகள் வந்தால் முன்னால் நடந்து வழி காட்டுகிறவன். அவன் சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு உறவையே அறுத்தேன். நம்பாமலா அறுத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்டது என்ன? இதற்கு முன்னால் வெள்ளத்திலோ புயலிலோ பயிர்ச்சேதம் வந்ததா, அரசாங்க நிவாரணம் கிடைத்ததா. கிடைத்தது என்று ஒரு கட்டம், கிடைக்கவில்லை என்று ஒரு கட்டம். கிடைக்கவில்லை. டிக் அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் கீழே, ஏன் கிடைக்கவில்லை என்று எழுத ஒரே ஒரு கோடு விட்டிருக்கிறீர்களே, அதில் எதை எழுதுவீர்கள்? உட்காருங்கள். மடைக்கல்லில் ஈரம் இல்லை.

செருப்பை நீங்களாகவே கழற்றிவிட்டு வந்தீர்கள். சந்தோஷம். பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதை வைத்தது நான்தான். எழுத்து மங்க விடுவதில்லை, பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது இதற்கும் பெயிண்ட் வாங்கிவிடுவேன். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் யாரும் செருப்புக் காலோடு வரக்கூடாது. அம்மன் இருக்கிற இடம். ஆற்றங்கரை நெடுக இதுதான் வழக்கம், நான் கண்டுபிடித்தது இல்லை. ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவன் தோல் செருப்போடு இரண்டு பாத்தி தாண்டி உள்ளே வந்துவிட்டான். கழற்றச் சொல்லி, அந்தச் செருப்பை எடுத்து வாய்க்காலில் எறிந்தேன். வெறுங்காலோடு பஸ் ஏறிப் போனான். எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கை புருஷன் வள்ளிநாயகம் மட்டும் சிரிக்கவில்லை.

“மச்சான், அம்மன் நம்ம காலையேவா பாத்துக்கிட்டு இருப்பா? மொகத்தையும் பாப்பால்லா” என்றான்.

அவன் அப்படித்தான். மெதுவாகச் சொல்வான். நான் திரும்பிப் பார்த்தால், சொல்லாதவன் மாதிரி கொடியைக் கட்ட ஆரம்பித்துவிடுவான். இந்த வள்ளிநாயகத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்தக் கொடிக்கால் ஒரு ஆளுடையது இல்லை. எட்டுக் குடும்பம் பங்குபோட்டுக் குத்தகைக்குப் பயிர் செய்தோம். வாய்க்காலுக்குத் தெற்கே என்னுடையது, அதை ஒட்டி வள்ளிநாயகத்துடையது. என் தங்கை செண்பகவடிவும் அவனும் கல்யாணமான மறுவருஷமே இங்கே வந்துவிட்டார்கள். நான்தான் கூட்டிவந்தேன். வெற்றிலை வேலை அவனுக்குத் தெரியாது. கொடியை இறக்கி, சுருட்டி, மண்ணில் பதித்து, மறுபடி ஊன்றாக நிற்கிற அகத்தி மரத்தில் ஏற்றுவதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சத்தம் போட்டுத்தான் சொல்லிக்கொடுத்தேன். வேலை அப்படித்தான் வரும்.

இப்போது காப்பீட்டுக்கு வருகிறேன். அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள். எங்கள் பக்கத்து வயல் வாழை. அவனுக்குக் காப்பீடு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் நெல். அவனுக்கும் உண்டு. வெற்றிலைக்குக் கிடையாது. கூட்டுறவு வங்கியில் போய்க் கேட்டேன். பட்டியலில் இல்லை என்றார்கள். ஏன் இல்லை என்றேன். ஏன் இல்லை என்பதும் அந்தப் பட்டியலில் இல்லை என்றார் அங்கே இருந்தவர். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தமிழ்நாட்டில் எந்த வீட்டு நிச்சயதார்த்தமும் எங்கள் இலை இல்லாமல் நடக்காது. தட்டில் முதலில் வைப்பது அதைத்தான். அரசாங்கத்தின் பட்டியலில் மட்டும் கடைசியாகக்கூட இல்லை.

அதனால் வெள்ளம் வந்தால் எங்களுக்கு ஒரே வழி, பேரிடர் நிவாரணம். அதற்கு அதிகாரிகள் கூட்டம் ஒன்று வந்து பார்க்க வேண்டும். பார்த்து, மூன்றில் ஒரு பங்காவது போய்விட்டது என்று எழுத வேண்டும். முப்பத்து மூணு சதவீதம். அதற்குக் கீழே போனால் அது போனதே இல்லை. உங்கள் கையில் ஒரு விரல் போனால் ஒன்றும் போகவில்லை, இரண்டு போனால் அப்போது யோசிக்கலாம் என்கிற மாதிரி. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கை பிள்ளை சின்னதாக இருந்தபோது ஒரு மார்கழியில் தாமிரபரணி கரை உடைத்து வந்தது. மூன்று நாள் கொடிக்காலில் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் என்ன தெரியும் தெரியுமா? ஒன்றும் தெரியாது. பச்சையாக நிற்கும். அதுதான் இந்தப் பயிரின் சூது. வாழை விழுந்தால் விழுந்துவிட்டது, தெரிகிறது. நெல் சாய்ந்தால் ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும். வெற்றிலை நின்றுகொண்டே சாகும். வேர் அழுகி, அடிக்கொடி கறுத்து, அது மேலே ஏறி இலை தொங்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிடும். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் உள்ளே வந்து, குனிந்து, கொடியின் அடியில் கைவிட்டு மண்ணை முகர்ந்து பார்க்க வேண்டும். பிண நாற்றம் அடிக்கும். வரப்பில் நின்று பார்த்தால் அகத்தி மரம்தான் தெரியும். அகத்திக்கு வெள்ளமும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

வாழைக்காரனுக்கு மறுநாளே வந்து எழுதிவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கம் எவனும் எட்டிப்பார்க்கவில்லை. எத்தனை நாள் பொறுப்பது? ஒரு காலையில் கிளம்பித் தாலுகா ஆபீசுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். வள்ளிநாயகம், “மச்சான், இன்னைக்கு ஒரு நாளு இருந்து பாப்போமே” என்றான். நான் கேட்கவில்லை. அங்கே போய்ச் சத்தம் போட்டேன். நன்றாகவே போட்டேன், இரண்டு அறை தள்ளி இருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள்.

“டீம் ஃபீல்டுலதான்யா இருக்கு, ஏன் கத்துதீரு?” என்றார் அங்கே ஒருவர்.

“எந்த ஃபீல்டுல இருக்கு? எனக்குக் காட்டுங்க. நான் வந்து கும்பிட்டுக்கிடுதேன்” என்றேன்.

நான் அங்கே இப்படிக் கேட்டுக்கொண்டு நின்ற நேரத்தில் அவர்கள் இங்கே, இதே மடைப்பக்கம், வந்து நின்றிருக்கிறார்கள். விதி என்று சொல்லுங்கள், என்னவோ சொல்லுங்கள். நான் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாசானமுத்து டீக்கடையில் இருந்தான். என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

“அண்ணாச்சி, வந்தாவ. போய்ட்டாவ” என்றான்.

“எழுதுனாங்களா?”

“வரப்புல நின்னு பாத்துட்டு எழுதிட்டாவ. பச்சையாத்தான் நிக்கி, சேதம் இல்லன்னு.”

“உள்ள கூட்டிட்டுப் போவலையா நீ?”

அப்போதுதான் சொன்னான். அதிகாரி முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாராம். உள்ளே கால் வைக்கப் போனாராம். வள்ளிநாயகம் குறுக்கே நின்று, கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டானாம். சேறும் சகதியும், வெள்ளத்தில் வந்த பாம்பும் கிடக்கிற இடத்தில் அந்த மனுஷன் எப்படிக் கழற்றுவார்? அவர் முகம் சுருங்கிப்போய், வரப்பிலேயே நின்று எழுதிவிட்டுப் போய்விட்டாராம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். எட்டுக் குடும்பத்துச் சோறு. வழக்கம் வழக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சமயம் சந்தர்ப்பம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? நான் மட்டும் அங்கே இருந்திருந்தால், பூட்ஸோடேயே வாங்க சார் என்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருப்பேன். போயிருப்பேன். போயிருக்க மாட்டேனா?

அன்று ராத்திரி நான் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் எல்லோரும் கொடிக்காலுக்கு வந்த பிறகு கேட்டேன். முந்தின நாளே செண்பகவடிவு என் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னாள்: “அண்ணே, கேக்கணும்னா அவரக் கேளு. சத்தம் போடாமக் கேளு.” நான் சத்தம் போடவே இல்லை. எட்டுக் குடும்பத்துக்கும் காது கேட்கிற மாதிரிக் கேட்டேன், அவ்வளவுதான்.

“மாப்ள, ஆபீசர உள்ள வரவிடாமத் தடுத்தது நீதானா?”

அவன் அடிமண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். கையை உதறிவிட்டு எழுந்தான்.

தாணு என்று ஒருத்தர், எங்கள் கொடிக்கால் பங்காளிகளில் வாய்நீளம் அவருக்குத்தான். “ஆபீசருக்கே பாடம் நடத்துன வாத்தியாருல்லா. வாத்தியார் நம்மகிட்டயெல்லாம் பேசுவாரா?” என்றார்.

நாலுபேர் சிரித்தார்கள். அப்போதும் அவன் பேசவில்லை. குற்றம் செய்யாதவன் என்றால் பேசுவானா மாட்டானா? நான் அதையும் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். நேராகப் பார்த்தான். “விடுங்க மச்சான்” என்றான். எதை விடுவது? ஒரு வருஷப் பிழைப்பை விடுவதா?

பத்தாவது நாள் இலை தொங்க ஆரம்பித்தது. கொடியெல்லாம் கறுத்து நார்நாராக வந்தது. அதில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு மறுபடி தாலுகா ஆபீசுக்குப் போனேன். மேசை மேல் போட்டேன். நாற்றம் தாங்காமல் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“மொதல் ரிப்போர்ட்ல சேதம் இல்லன்னு இருக்கு. ரெண்டாவது கணக்கெடுக்க உத்தரவு இல்ல” என்றார்.

“கண்ணு முன்னால கெடக்கே, இது என்ன?”

“இது உங்க கொடிக்கால்ல உள்ளதுதான்னு நான் எப்படிய்யா எழுத முடியும்?”

பக்கத்து நாற்காலிக்காரர், “விடுங்க பெரியவரே, சுண்ணாம்ப ரெண்டு தடவு தடவி மடிச்சா கறுப்பு யாருக்குத் தெரியப்போவுது” என்றார். எனக்கு அப்போது நாற்பது தாண்டவில்லை. பெரியவராம். அன்றைக்கு அவர் மேல் நான் கை வைக்காமல் வந்தது அவருடைய அதிர்ஷ்டம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்.

கோடு போதாது என்கிறேனே, இதற்காகத்தான். நிவாரணம் கிடைக்கவில்லை, காரணம் ரப்பர் பூட்ஸ் என்று எழுதுவீர்களா? காரணம் அம்மன் என்று எழுதுவீர்களா? வந்தவருக்கு ஒரு பயிர் எப்படிச் சாகும் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள இரண்டாவது முறை வரவும் சட்டம் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இத்தனை பேர் இருக்கிறார்கள். ஆனால் நான் யாரைப் பிடித்து உலுக்க முடியும்? கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது ஒருத்தன்தான்.

உலுக்கினேன். தண்ணீர் முறை வரும்போது அவன் பாத்திக்குத் திறக்காமல் அடுத்ததற்குத் தண்ணீரை விட்டேன். பங்காளிகள் பேசுவதை நிறுத்தினார்கள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. நான் நிறுத்தினேன், அவர்களும் நிறுத்தினார்கள். சித்திரையில் அவன் பங்கைத் தாணுவுக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டான். உப்பளத்தில் வேலை. வெற்றிலையில் இருந்து உப்புக்கு. போகிற அன்று செண்பகவடிவு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து என் காலில் விழச் சொன்னாள். நான் திண்ணூறு பூசினேன். பிள்ளைக்கு மட்டும்.

சரி, சந்தேகம் எங்கே வந்தது என்கிறீர்களா? சீக்கிரமே வந்துவிட்டது. அந்த வருஷமே வந்துவிட்டது. வள்ளிநாயகம் ஒருத்தரைக் குறுக்கே நின்று தடுக்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் அவன் சீட்டில் யாராவது துண்டைப் போட்டால் எழுந்து நிற்பான். பலகையை நான் வைத்தபோதே, “இது எதுக்கு மச்சான், தெரிஞ்சவனுக்குத் தெரியும்” என்றவன். ஒருநாள் மழையில் வாய்க்கால் உடைத்தபோது அவனே ரப்பர் செருப்போடு உள்ளே ஓடினான். நான் பார்த்துவிட்டேன். அன்றைக்கு நான் பேசின பேச்சில் அவன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அப்படிப்பட்டவனா அதிகாரியிடம் போய்க் கழற்று என்று சொல்வான்? மாசானம் கதை கட்டியிருக்க வேண்டும். அதிகாரி உள்ளே வரச் சோம்பல்பட்டு வரப்பிலேயே நின்றிருப்பார், பழியை இவன் வள்ளிநாயகத்தின் தலையில் போட்டுவிட்டான். இப்படி நினைப்பேன். நினைத்தால் மாசானத்தின் மேல் கோபம் வரும். அப்புறம், அப்படியென்றால் வள்ளிநாயகம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று தோன்றும். உடனே அவன் மேல் கோபம் வரும். இப்படியே இங்கிட்டும் அங்கிட்டும் வருஷம் ஓடிவிட்டது. ஒரு ஆளுக்கு எவ்வளவு கோபம்தான் இருக்க முடியும் என்று நீங்கள் நினைக்கலாம். கோபத்துக்கு என்ன, காப்பீடா வேண்டும்? தண்ணீர்கூட வேண்டாம், தானாக வளரும்.

போன வாரம் செண்பகவடிவு வந்தாள். கூட யாரும் இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. அன்று நான் திண்ணூறு பூசினேனே, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். வைகாசி பிறந்ததும் முகூர்த்தம். எங்களில் தாய்மாமன் வந்து மாலை போட்டுக் கூட்டிவராமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள். அவளுக்கு இருக்கிற தாய்மாமன் நான் ஒருத்தன்தான். நான் போகாவிட்டால் வேறு யாரையாவது நிறுத்துவார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏன் என்று கேட்பார்கள். அந்தப் பெண் ஆயுசுக்கும் அதைச் சுமக்க வேண்டும்.

நான் தட்டை வாங்கவில்லை. வெற்றிலையைப் பார்த்தேன். அது எங்கள் ஊர் வெற்றிலை இல்லை.

“கடையில வாங்குனியா?” என்றேன்.

“வேற எங்க வாங்க?” என்றாள்.

என் வீட்டுக்காரி உள்ளே இருந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். செண்பகவடிவு அழவில்லை. நான் அழுவாள் என்று நினைத்தேன். கிளம்பும்போது ஒன்று சொன்னாள்:

“அண்ணே, வரதும் வராததும் உன் இஷ்டம். அவரு வந்து கூப்பிடட்டும்னு இருக்காத, அவரு வரமாட்டாரு. இத்தன வருசத்துல உன்னப் பத்தி வீட்டுல ஒரு சொல்லு தப்பாச் சொன்னதில்ல. புள்ள கேட்டாக்கூட, மாமா நல்லவரு, கோவக்காரருன்னுதான் சொல்லுவாரு. நீ ஒண்ணே ஒண்ணு செய்யி. அன்னைக்கு நடந்தத மாசானத்துட்ட முழுசாக் கேளு. நீ பாதி கேக்கும்போதே எந்திரிச்சிருப்ப.”

உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது, அவர் சொல்லமாட்டார் என்றாள். போய்விட்டாள்.

நேற்று மாசானத்தின் வீட்டுக்குப் போனேன். அவன் ஓய்வு பெற்றாயிற்று. அவனும் அவன் பெண்சாதியும் முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க அண்ணாச்சி. புளி வேணுமா? புதுப்புளி.”

“புளி வேண்டாம். அன்னைக்கு நடந்ததச் சொல்லு.”

என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. “எத்தன மட்டம் சொல்லியாச்சு அண்ணாச்சி. கோயில் கொடைக்குப் போடுத பாட்டு மாதிரி எனக்கே மனப்பாடம் ஆயிட்டு.”

“முழுசாச் சொல்லு. ஒண்ணையும் விடாத.”

அவன் பெண்சாதி சிரித்தாள். “முழுசாவா? கொழம்புல உப்பு இருக்கான்னு கேட்டாலே பாதிதான் சொல்லுவாவ.”

அவன் சொன்னான். அதே பூட்ஸ், அதே சேறு. வடக்கு மூலையில் ஒரு பாம்பு செத்துக் கிடந்ததை அதிகாரி பார்த்துவிட்டது. வள்ளிநாயகம் மடையருகில் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. கல்லில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து கேட்டேன்.

“ஆபீசரு காலத் தூக்குனாரு. ‘சார், கழட்டிட்டு வாங்க சார்’னாவ வள்ளிநாயகம் அண்ணாச்சி. கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொன்னாவ. ஆபீசரு சிரிச்சாரு. ‘ஏம்ப்பா, உங்களுக்கு எழுதத்தானே நான் வந்திருக்கேன். நான் உள்ள வந்தா உங்களுக்குத்தானே நல்லது. இது யாரு போட்ட சட்டம்’னாரு.”

கும்பிட்டான் என்பதை அவன் இதற்கு முன் சொன்னதில்லை. அதிகாரி கேட்டதையும் சொன்னதில்லை. நான் பாதியில் எழுந்திருப்பேன் என்று தங்கை சொன்னாளே, அப்படித்தானோ என்னவோ.

“பெறவு?”

“பெறவு என்ன. ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னாவ.”

“யாரு?”

“வள்ளிநாயகம் அண்ணாச்சிதான். டவுன் பஸ்ஸு வருதான்னு பாக்க மாதிரி. ரொம்ப நேரம் பாத்தாவ. ஆபீசருக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.”

டவுன் பஸ்ஸில்தான் நான் திரும்பி வரவேண்டும். அதை நான் மாசானத்திடம் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும்.

“ஆபீசரு கேட்டதுக்கு அவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணுஞ் சொல்லல அண்ணாச்சி.”

அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கையில் இருந்த புளியம்பழத்தைப் பார்த்துச் சொன்னான். அவன் பெண்சாதி கல்லைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் என்னமோ இருக்கிறது என்று எழுந்து உள்ளே போனாள். அடுப்பு எரியவில்லை, புகையே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஆனால் இந்த முறை குரலை உயர்த்தவில்லை அம்மா. சத்தியமாக உயர்த்தவில்லை. அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

“மாசானம், அவன் ஒண்ணும் சொல்லலையா? இல்ல, அவன் என் பேரச் சொன்னத என்கிட்டச் சொல்ல நீ இத்தன வருசமாப் பயந்துக்கிட்டு இருக்கியா?”